நூற்றுக்கு நாலு

ஹில்டன், ஃப்ரீமேன்டில்
1997 மார்ச் 9, ஞாயிறு, பிற்பகல் மணி 4.20

பாஸ்கோ,

பாட்டு ஒன்பது. வாத்தியம் பதினாலு. வாசித்தவன் ஒருவன். பிடித்த காலம் பதினோரு மாதம். கணக்கு இவ்வளவுதான், இனி விஷயம்.

உன் நம்பர் கேட்டு உன் அக்காவுக்குப் போன் பண்ணினேன். "கேம்ப்ல போனுக்கு வரிசைல நிக்கணும். உன் குரலைக் கேக்கறதுக்காக மார்னி நிப்பான்னு நினைக்கறியா? எழுது. எழுதினா குறுக்க குறுக்கப் பேச முடியாதில்ல" என்றாள். எழுதுகிறேன்.

இத்துடன் இரண்டு கேசட். ஒன்றின் மேல் 'நிஜம்' என்று எழுதியிருக்கிறேன், இன்னொன்றின் மேல் 'சிட்னி'. இரண்டிலும் அதே ஒன்பது பாட்டு, அதே பதிவு. சிட்னி கேசட் மட்டும் நூற்றுக்கு நாலு வேகம் அதிகம். காரணம் சொல்கிறேன், சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

கொட்டகையில் நான் வைத்திருக்கும் எட்டு டிராக் டேப் மெஷின் அமெரிக்காவில் செய்தது. அதன் மோட்டார் சுவரில் வரும் மின்சாரத்தின் துடிப்பை வைத்து ஓடுவது. அங்கே வினாடிக்கு அறுபது துடிப்பு, இங்கே ஐம்பது. அப்படியே செருகினால் நொண்டும். அதைச் சரிக்கட்ட நானே லேத்தில் ஒரு புல்லி கடைந்து மாட்டினேன். பெல்ட்டின் தடிமனைக் கணக்கில் சேர்க்கவில்லை. தொழிற்கல்லூரியில் முதல் வருஷம் படிப்பவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். மெஷின் நூற்றுக்கு நாலு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பதிவு செய்ததும் அதில்தான், திரும்பக் கேட்டதும் அதில்தான் என்பதால் எனக்குத் தெரியவே இல்லை.

ஜனவரியில் ரீல்களைச் சிட்னி கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் ஒழுங்கான மெஷினில் போட்டு, பிரதி எடுத்துக்கொண்டு ரீல்களைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாப் பாட்டும் எகிறிவிட்டது. என் குரல் மீசை முளைக்காதவன் குரல் ஆகிவிட்டது. சுருதி பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் போய் விழுந்தது. அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது!

கம்பெனி ஆள் பெயர் ட்ரெவர் லாம்போர்ன். "டேன், இதுல ஒரு துள்ளல் இருக்குப்பா. அது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"பெல்ட்லேர்ந்து" என்றேன்.

நிலைமை இது. மூன்று ஆல்பத்துக்கு ஒப்பந்தம், கிழக்குக் கடற்கரை முழுக்க ஆறு வாரம் கச்சேரி. ஏப்ரல் 18க்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே நிபந்தனை, பாட்டு சிட்னி வேகத்தில்தான் வெளிவரும். ஒரு குமிழைத் திருகினால் மெதுவாக்கிவிடலாம். மாட்டார்களாம். நானோ டிசம்பரிலேயே துறைமுக வேலையை விட்டாயிற்று. "இனி சிங்கிறால் படகுக்கெல்லாம் ரேடாரை வேற எவனாவது பாக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

அந்த வேகத்தில் கொடுக்க மாட்டேன். அது முடிவாகிவிட்டது. ஆனாலும் ஒரு ஜோடிக் காது வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள் நீதான். இரண்டையும் கேள். எது என்று ஒரு வரி எழுது. அதற்கு மேல் வேண்டாம்.

டேன் விட்காம்


நியூமனுக்கு வடக்கே, சுரங்க முகாம்
மார்ச் 19

விட்டோ,

நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு கடிதம். அதில் 'எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வார்த்தை கிடையாது. இருந்திருந்தால் உனக்கு என்னமோ வியாதி என்று பயந்திருப்பேன்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரண்டு மாடி உயர லாரியில் உட்கார்ந்து தாதுக்கல் ஏற்றி இறக்குகிறேன். ஒரு ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். காதுக்குள்கூடச் செம்மண். ஆறு வாரம் வேலை, ஒரு வாரம் ஊர். இங்கே யாரும் என் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு "நானே ஓட்டிடறேன், சீக்கிரம் முடியும்" என்பதில்லை.

ஒரு வரி கேட்டாய். சிட்னி. உன் வரி முடிந்தது. இனிமேல் வருவது நீ கேட்காதது.

மேக்னெட்டிக் பேடக் எப்படி உடைந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்கிறாய்? நம் ஐந்து வருஷத்து பேண்டு. யாரும் சண்டை போடவில்லை. யாரும் விலகுகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டாவது ரெகார்டுக்காக க்ளைவ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தினாய். "இங்க கொடு, நானே போட்டுடறேன்" என்றாய். மறு வாரம் ஜுடித்தின் ஆர்கன். "இங்க கொடு." அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என் ட்ரம்ஸ் குச்சிகள். கையை நீட்டிக்கொண்டு நின்றாயே, உன் முகத்தில் கோபம்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவன் முகம் அது. கொடுத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நீ யாரையும் போகச் சொல்லவில்லைதான். எல்லார் நாற்காலியிலும் நீயே உட்கார்ந்துகொண்டாய், அவ்வளவுதான்.

சரி, கேசட். 'நிஜம்' கேசட்டை என் டோங்காவில் போட்டேன். தகரப் பெட்டி மாதிரி அறை, நடுச்சுவர் வெறும் அட்டை. மூன்றாவது பாட்டு ஓடும்போது பக்கத்து அறை டெஸ் சுவரைத் தட்டினான்.

"மார்னி, யாரு அது பாடறது?"

"பழைய சிநேகிதன்."

"பாட்டு நல்லாருக்கு. அந்த ட்ரம்ஸ்காரனை மட்டும் யாராவது எழுப்பி விடுங்க."

"ரெண்டும் ஒரே ஆள்தான் டெஸ்."

"அப்போ பாதி ஆளை எழுப்பி விடுங்க."

கிரேன் ஓட்டுகிறவனுக்கே தெரிகிறது. நீ சரியாகத்தான் ஆரம்பிக்கிறாய். போகப் போக இழுக்கிறாய். ஒவ்வொரு பாட்டிலும் கடைசியில் வேகம் செத்துப்போகிறது. சிட்னிக்காரர்களின் துள்ளல் இதுதான்: ஆரம்பமே ஓட்டமாக இருந்தால், தளர்ந்த பிறகும் நடையாகவாவது மிஞ்சும். உன் நிஜத்தில் ஆரம்பமே நடை. தளர்ந்தால் தரையில் உட்கார்ந்துவிடுகிறது.

ஆகையால் கையெழுத்தைப் போடு. கச்சேரிக்குப் போ. சந்தோஷமாக இரு.

ஒன்றை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் குரல் மெதுவான கேசட்டில்தான் உன் குரலாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்க மனசு வரவில்லை.

மார்னி


ஹில்டன்
மார்ச் 27

பாஸ்கோ,

உன் வாதம் கணக்கில் நிற்காது. நூற்றுக்கு நாலு வேகம் கூட்டினால் என் தப்பும் நூற்றுக்கு நாலுதான் குறையும். மறையாது. எனக்குக் காது இருக்கிறது, பதினோரு மாதமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கிரேன் டிரைவரிடம் மதிப்பெண் வாங்க நான் கேசட் அனுப்பவில்லை.

உனக்குப் பொறாமை. நாலு வருஷமாக லாரி ஓட்டுகிறாய், நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இதை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று உன் அக்கா சொல்வாள். சொல்லிவிட்டேன்.

இங்கே நடந்ததைக் கேள். போன சனிக்கிழமை நார்த் ஃப்ரீமேன்டிலில் ஒரு பப்பில் கம்பெனிக்காரர்கள் சிட்னி வேகத்திலேயே ஒத்திகைக் கச்சேரி வைத்தார்கள். ஆட்களையும் அவர்களே கூலிக்குப் பிடித்துத் தந்தார்கள். சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கிடக்கிறதே, கிடார்களையெல்லாம் முறுக்கி ஏற்றினோம். ஆர்கனை எங்கே முறுக்குவது? மேடையைவிட்டே இறக்கிவிட்டோம். ட்ரம்ஸ் வாசித்தவன் பெயர் ப்ரெண்டன். தாளை முன்னால் வைத்துக்கொண்டு வாசித்தான். நடுவில் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கூட்டம் நன்றாகத்தான் கை தட்டியது. பாரில் நின்ற ஒருத்தன் என் தோளில் தட்டி, "செமையா இருந்துச்சு மச்சான், யாரோட பாட்டு இதெல்லாம்?" என்று கேட்டான்.

என்னைப் போல ஒருவன் என் பாட்டை அவசர அவசரமாகப் பாடினான், நான் பக்கத்தில் நின்று கிடார் வாசித்தேன். அப்படித்தான் இருந்தது. இதை ஆறு வாரம், ஊர் ஊராகச் செய்ய வேண்டுமாம்.

மறுநாள் ட்ரெவருக்குப் போன் பண்ணினேன். "மெதுவாத்தான் வரணும்" என்றேன்.

"டேன், உனக்கு என்னப்பா வயசு?"

"இருபத்தேழு."

"இருபத்தேழு வயசுல எல்லாரும் கலைஞன்தான். முப்பதுல வாடகை கட்டணும்."

"நான் இப்பவே கட்டிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீயும் அவரும் ஒரே பக்கம். சிட்னி என்று ஒரு வரி எழுதினாய். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

டேன்


சுரங்க முகாம்
ஏப்ரல் 3

டேன்,

பொறாமை இல்லை, கோபம். பொறாமை என்றால் உன் இடம் எனக்கு வேண்டும் என்று அர்த்தம். உன் இடம் யாருக்கு வேண்டும்? என் இடத்தில் நீ உட்கார்ந்து தூங்குகிறாய். அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

காதை விடு. அளந்து பார். அளக்கத் தெரிந்தவன்தானே நீ. டேப் வினாடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடும், ஒவ்வொரு தட்டும் அதில் இன்ன இடத்தில் விழும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவனே நீதான். நாலாவது பாட்டை எடு. ஸ்கேலை வை. ஆரம்பத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம்? மூன்றாவது சரணத்தில் எத்தனை?

அளக்காமல் எனக்கு எழுதாதே.

மார்னி

பி.கு. ஈஸ்டருக்கு உணவுக்கூடத்தில் சிலுவைக் கோடு போட்ட ரொட்டி கொடுத்தார்கள். அதிலும் செம்மண்.


ஹில்டன்
ஏப்ரல் 9

பாஸ்கோ,

அளந்தேன்.

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ரீலைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு தட்டு விழும் இடத்திலும் மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, இரும்பு ஸ்கேலால் அளந்தேன். நாலாவது பாட்டு: ஆரம்பத்தில் ஏழரை அங்குலம். மூன்றாவது சரணத்தில் எட்டேகால் இல்லை, எட்டுக்குக் கொஞ்சம் மேலே, எட்டும் எட்டில் ஒன்றும். புல்லி தப்பாக இருந்தாலும் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் அதே தப்புதான், ஆகையால் பழியை அதன்மேல் போட முடியாது. இழுத்திருக்கிறேன். ஒன்று, மூன்று, நாலு, ஆறு, ஏழு, ஒன்பது, இந்த ஆறு பாட்டிலும் இதே கதைதான்.

எந்த இடத்தில் தளர்கிறது என்றும் பார்த்தேன். அடுத்து நான் வேறு வாத்தியம் சேர்க்கப் போகும் இடங்களில். ஆர்கன் வரப் போகிறதென்றால் அதற்கு நாலு தட்டு முன்னாலேயே என் கை தொய்கிறது. ட்ரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தவன் அப்போதே எழுந்து ஆர்கனுக்குப் போய்விட்டான்.

இரண்டு, ஐந்து, எட்டு, இந்த மூன்றிலும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. நான்கு தடவை அளந்தேன். அந்த மூன்றிலும் ட்ரம்ஸ் என்னுடையதாகத்தான் இருக்கும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

சரி, ட்ரம்ஸை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக வாசித்தால் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. பேஸ், ஆர்கன், பன்னிரண்டு கம்பிக் கிடார், புல்லாங்குழல், ரேடாரிலிருந்து பிடுங்கிய பாகங்களை வைத்து நான் செய்த அந்த ஊளையிடும் பெட்டி, எல்லாமே அந்தத் தளர்ந்த ட்ரம்ஸின் மேல் ஏறி நிற்பவை. அடியை உருவினால் மொத்தமும் சரியும். ஆறு பாட்டையும் முதலிலிருந்து பண்ண வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம். உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

ட்ரெவரிடம் சொன்னேன்.

"எதுக்குப்பா? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"நீ ஒரு ரெகார்டு வாங்குவியா? அதுவும் வாங்க மாட்டே, உனக்கு இலவசமாக் கொடுப்போம். மத்தவங்களைப் பத்திப் பேசு."

அவர் பதினெட்டாம் தேதி மதியம் வரைக்கும் காத்திருப்பாராம்.

இனி கேள்வி. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நீ வந்து வாசிப்பாயா? ஆறு பாட்டு. ஒப்பந்தம் இருக்குமா என்று தெரியாது, ரெகார்டு வெளிவருமா என்றும் தெரியாது. ஊருக்கு வரும் ஒரு வாரத்தில் கடலில் குளித்துவிட்டுத் தூங்கத்தான் உனக்குத் தோன்றும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

எப்படி இருக்கிறாய்?

டேன்


சுரங்க முகாம்
ஏப்ரல் 14

விட்டோ,

உன் கடிதத்தின் கடைசி வரியை டெஸ்ஸிடம் படித்துக் காட்டினேன். "அளக்கச் சொன்னதுல ஆளுக்கு மூளை கலங்கிடுச்சு" என்றான்.

போர்வீரர்களை நினைக்கும் அன்சாக் நாளுக்கு மறுநாள், 26ஆம் தேதி காலை விமானத்தில் பெர்த் வருகிறேன். ஃபோர்மன் இன்னொரு வாரம் இருந்து ஓட்டச் சொன்னார்.

"ஆள் பத்தல மார்னி. ஊர்ல அப்படி என்ன வேலை?"

"ஒருத்தனைத் திட்டணும்."

"அதுக்கு ஒரு வாரமா?"

"அவனைப் பாத்தா நீங்க ரெண்டு வாரம் கொடுப்பீங்க" என்றேன். விட்டுவிட்டார்.

வருகிறேன் என்றால் சும்மா வரவில்லை. சொல்வதைக் கேள்.

கொட்டகையில் இரண்டு பேர், இரண்டு வாத்தியம். எனக்கு ட்ரம்ஸ். நீ ஒன்று எடுத்துக்கொள், ஒன்றே ஒன்று. எது என்று இப்போதே முடிவு செய்து எழுது, வந்த பிறகு மாற்றக் கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசிப்போம், டேப்பில் அப்படியே ஏறட்டும். பாட்டின் நடுவில் யாருக்குத் தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது. நீ ஒரு தடவை கையை நீட்டினாலும் எழுந்து போய்விடுவேன். இந்தத் தடவை குச்சியைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டேன், எடுத்துக்கொண்டு போவேன்.

நான் வருவதற்கு முன்னால் அந்த ஆறு பாட்டையும் டேப்பிலிருந்து அழித்துவிடு. பழசு அங்கேயே இருந்தால் மூன்றாம் நாளே "இதுவே பரவாயில்லை" என்று அதற்குத் திரும்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. எனக்காகச் சிட்னியை மறுக்காதே. நாளைக்கு வாடகை கட்ட முடியாதபோது அதையும் என் தலையில் கட்டுவாய். கையெழுத்துப் போடுவதானால் போடு, எனக்கு ஒரு வரி எழுதிவிடு, நான் கடலில் குளித்துவிட்டுத் தூங்குகிறேன். மறுப்பதானால் உனக்காக மறு.

நாலு வருஷமாக என் கை ஸ்டியரிங்கில்தான் தாளம் போட்டிருக்கிறது. நான் நன்றாக வாசிப்பேன் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. நீ அழிப்பதை அழித்த பிறகு நான் வந்து சொதப்பலாம். அதையும் யோசித்துக்கொள்.

அந்த மூன்று பாட்டு விஷயத்தில் எட்டாவதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் ஐந்தும் வந்து கேட்ட பிறகு.

மார்னி


ஹில்டன்
1997 ஏப்ரல் 19, சனி, பிற்பகல் மணி 3

மார்னி,

நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ட்ரெவர் கூப்பிட்டார். நான் கூப்பிடுவேன் என்று பார்த்தாராம்.

"கடைசியா கேக்கறேன். பேனா கையில இருக்கா?"

"இருக்கு."

"காகிதம்?"

"அதுவும் முன்னாலதான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அது என் குரல் இல்ல சார். என் பேர் போட்டு வேற எவனோ பாடறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மெதுவா வரட்டும், இப்பவே போடறேன்."

அதற்கு அவர் சொன்னார்: "நூற்றுக்கு நாலு, டேன். வெறும் நாலு. அதுக்காக மூணு ஆல்பத்தைத் தூக்கிப் போடறே. உன்னை மாதிரி முட்டாளை நான் பாத்ததில்ல."

"நாலுதானேன்னா நீங்களே விட்டுக் கொடுத்திருக்கலாமே" என்றேன்.

வைத்துவிட்டார். அவர்களிடம் இருக்கும் பிரதியை என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. சுற்றுப்பயணம் வேறு யாருக்கோ போகும். உனக்காக மறுக்கவில்லை. பப்பில் அந்த ஆள் யாருடைய பாட்டு என்று கேட்டானே, அப்போதே மறுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். வாயால் சொல்லத்தான் நாலு வாரம் ஆயிற்று.

இன்று காலை ஆறு பாட்டையும் அழித்தேன். எட்டு டிராக்கிலும் பதிவுப் பொத்தானை அழுத்தி, எதையும் செருகாமல், டேப்பை ஓடவிட்டேன். மீட்டர் முள்ளெல்லாம் அசையாமல் கிடந்தது. முப்பத்திநாலு நிமிஷம். இரண்டு தடவை நிறுத்தக் கை போனது. நிறுத்தவில்லை. முடிந்ததும் வெளியே வந்து ஒரு பெட்டி ஐஸ் காபியை நின்றபடியே குடித்தேன், மறுபடி உள்ளே போய்ப் போட்டுக் கேட்டேன். வெறும் இரைச்சல். உன்னிடம் இருக்கும் கேசட்டைத் தவிர இங்கே வேறு பிரதி இல்லை. வைத்துக்கொள், எறி, டெஸ்ஸுக்குக் கொடு.

நீ சொதப்பலாம் என்று எழுதியிருக்கிறாய். சொதப்பு. நானும் சொதப்புவேன். ஆனால் உன் நிபந்தனைகளில் எனக்கு ஒன்றில் சம்மதமில்லை, அதைக் கீழே எழுதியிருக்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் துறைமுகத்துக்குப் போவேன். வாரத்துக்கு இரண்டு நாள் ரேடார் வேலை கேட்பேன். கூடி நின்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணிக்கொள்ளட்டும், வாடகை கட்ட வேண்டும்.

2. புல்லியை மாற்ற மாட்டேன், மாற்றினால் பழைய மூன்று பாட்டும் எகிறிவிடும். ரெகார்டை அச்சடிப்பவனிடம் 'நூற்றுக்கு நாலு குறைத்து ஓட்டு' என்று எழுதிக் கொடுப்பேன். முடியாது என்றால் அடுத்த ஆளிடம் போவேன். எல்லாரும் முடியாது என்றால் நானே அச்சடிக்கக் கற்றுக்கொள்வேன்.

3. முந்நூறு பிரதி. கடைகளுக்கு நானே தூக்கிக்கொண்டு போவேன்.

4. இரண்டு, ஐந்து, எட்டு மூன்றும் இருக்கிறபடியே இருக்கும். நீ கேட்கலாம், கத்தலாம், மாற்ற முடியாது. சம்மதமில்லாதது இதுதான். இதற்காக வரமாட்டேன் என்றால் இப்போதே எழுது.

5. நீ திரும்பிப் போன பிறகு மற்ற பன்னிரண்டு வாத்தியங்களையும் நானேதான் வாசிப்பேன். அது என் தொழில், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ட்ரம்ஸ் பக்கம் மட்டும் போக மாட்டேன்.

6. 26ஆம் தேதி விமான நிலையத்தில் நிற்பேன். மூட்டையை நீயே தூக்கிக்கொள்வாய் என்று தெரியும்.

7. ஒரு வாத்தியம்: பேஸ். கிடாரையோ ஆர்கனையோ எடுத்தால் நான் பாட்டுக்கு ஓடிவிடுவேன். ட்ரம்ஸைக் கேட்காமல் பேஸ் வாசிக்க முடியாது.

8. டேப்பை ஓடவிட்டதும் வாயை மூடிக்கொள்வேன். நாலு எண்ணி ஆரம்பிக்க வேண்டியவள் நீ.

டேன்